கேள்வி கேட்கும் பிள்ளை

 

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் வரும் காலத்தில் நமது ஊர்களில் வீடுகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் புரியாணி சமைக்கிறார்கள். அடுத்த வீட்டில் மையித்து விழுந்தது போல் ஓர் அமைதி. சென்ற முறை முடிவுகள் வந்த அன்று, அஸருக்குப் பின் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். மகனையும் கையில் பிடித்திருந்தார். “மூணு புள்ளியால வெட்டுப்புள்ளிய விட்டுட்டான் மௌலவி. இவன் படிக்கிற புள்ள இல்ல போல” என்று அந்தப் பிள்ளையின் முன்னாலேயே சொன்னார். பத்து வயதுப் பையன். தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் முற்றத்து எறும்புப் புற்றைக் காலால் கிளறாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் பேசி முடிப்பதற்குள் அவன் என்னிடம் கேட்டான்: “மௌலவி, முட்டையத் தூக்கிட்டுப் போற எறும்புக்கு மத்த எறும்புகள் வழி விடுதே, அதுக்கு எப்படித் தெரியும்?”

நான் அந்தத் தாயைப் பார்த்தேன். “படிக்கிற புள்ள இல்ல” என்று யாரைச் சொன்னீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

அந்தப் பரீட்சையை நான் குறை கூறவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு நல்ல பாடசாலைகளின் கதவை அதுதான் திறந்துவிட்டது. ஆனால் அது ஒரு நாளில், குறிப்பிட்ட சில வினாக்களுக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு பிள்ளை என்ன எழுதியது என்பதைத்தான் அளக்கிறது. அல்லாஹ் அந்தப் பிள்ளைக்குள் எதை வைத்திருக்கிறான் என்பதை அளப்பதற்கு அது போதாது. அதை அளக்க ஒரே ஓர் ஆள்தான் முதலில் இருக்கிறார். அது உம்மாவாகிய நீங்கள்.

ஆசிரியர்கள் ‘மீத்திறன் பிள்ளை’ என்று சொல்வார்கள். ஏதேனும் ஒரு துறையில், தன் வயதுக்கு மிக முன்னால் நிற்கும் பிள்ளை என்று அதற்குப் பொருள். அது கணக்காக இருக்கலாம், மொழியாக இருக்கலாம், வரைவதாக இருக்கலாம், இயந்திரத்தைப் புரிந்துகொள்வதாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை எப்படி இனங்காண்பது என்பதைத்தான் இம்மாதம் பேசப்போகிறோம். அதற்கு முன் என் கைப்பட நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

நான் தவறவிட்ட பிள்ளை

அறபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்த புதிதில், ஒரு குர்ஆன் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வந்தேன். எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் குறைஷ் சூரா பாடம். பிள்ளைகள் அதை ‘லிஈலாபி’ என்று சொல்வார்கள். எல்லோரும் ஓதி முடித்த பின் அவள் கையை உயர்த்தினாள்.

“மௌலவி, லிஈலாபில கடைசில ரெண்டு ‘மின்’ வருது. ‘மின் ஜூஇன்’ல நூன் மூக்குக்குள்ள ஒளியுது. ‘மின் கவ்ஃப்’ல நல்லாக் கேக்குது. தொண்டையால வாற எழுத்து வந்தா மட்டும் நூன் ஒளியாதா?”

சகோதரிகளே, தஜ்வீத் ஓதியவர்களுக்கு இது விளங்கும். ஒன்று இக்ஃபா, மற்றையது இழ்ஹார். இந்தச் சட்டத்தை நான் கிதாபைத் திறந்து, உஸ்தாதின் பிரம்புக்குப் பயந்து மனனமிட்டுப் படித்தவன். அந்தப் பிள்ளைக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதால் கேட்டதை வைத்து, இரண்டு இடங்களை ஒப்பிட்டு, சட்டத்தைத் தானே கண்டுபிடித்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். மஃரிபுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “ஓதச் சொன்னா ஓது. தேவையில்லாத கேள்வி கேக்காத” என்று ஏசிவிட்டேன்.

அவள் அதன்பின் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நான் அடக்கம் என்று எண்ணினேன். அவளுடைய உம்மாவிடம், “இப்ப நல்ல அமைதியான புள்ள” என்று பாராட்டியும் சொன்னேன். ஒரு விளக்கை ஊதி அணைத்துவிட்டு, கண் கூசவில்லை என்று மகிழ்ந்தவனின் கதை இது.

எவை அடையாளங்கள்?

மீத்திறன் பிள்ளைகளைப் பற்றி எலன் வினர் என்ற உளவியல் பேராசிரியை 1996 இல் ஒரு நூல் எழுதினார். அப்பிள்ளைகளிடம் மூன்று பண்புகள் சேர்ந்து காணப்படும் என்பது அவரது கருத்து. தாய்மாருக்கு இவை மிகவும் பயன்படும் என்பதால் நமது வீட்டு உதாரணங்களோடு சொல்கிறேன்.

முதலாவது, முந்திப் பழுப்பது. சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது. அரிசி மூடையிலும் பஸ் பலகையிலும் உள்ள எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, பாடசாலை செல்லுமுன் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை. கடையில் வாப்பா மீதிச் சில்லறையை எண்ணுமுன் தொகையைச் சொல்லிவிடும் பிள்ளை.

இரண்டாவது, தன் வழியில் போவது. நீங்கள் காட்டிக்கொடுத்த முறையில் கணக்கைச் செய்யாமல், வேறொரு முறையில் செய்து சரியான விடையைத் தருவது. ‘லிஈலாபி’யில் அந்தப் பெண் பிள்ளை செய்தது இதைத்தான். பல பேரைப் பார்த்து, அவற்றுக்குப் பின்னாலுள்ள ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொள்வது. இத்தகைய பிள்ளை பெரியவர்களுக்குப் பிடிவாதக்காரனாகத் தெரியும்.

மூன்றாவது, விட முடியாமை. சில பிள்ளைகள் ஒன்றில் இறங்கிவிட்டால் பசி தெரியாது, கூப்பிட்டால் கேட்காது. பழுதான மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தால் லுஹர் போய் அஸர் வந்துவிடும். எவரும் வற்புறுத்தவில்லை; பரிசு எதுவும் இல்லை; ஆனாலும் உள்ளிருந்து ஒன்று தள்ளுகிறது. இங்கே கவனியுங்கள்: டியூசனுக்கு அடித்து அனுப்பி வரும் புள்ளி வேறு, இது வேறு. தொலைபேசியிலோ தொலைக்காட்சியிலோ மணிக்கணக்காக மூழ்கிக் கிடப்பதையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அங்கே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே பிள்ளை செய்துகொண்டிருக்கிறது.

இம்மூன்றோடு நானும் வகுப்பறையில் கண்டவற்றைச் சேர்க்கிறேன். இத்தகைய பிள்ளையின் கேள்விகள் ஒன்றோடு முடிவதில்லை. நீங்கள் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள், தமக்கு விளங்காத ஒன்றைக் கேட்டால் அது விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பவர்களாக இருந்தார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. நபி (ஸல்) அவர்கள் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. விளக்கமே சொன்னார்கள். அதனால்தான் பிற்காலத்தில் மூத்த ஸஹாபாக்களே அன்னையிடம் வந்து சந்தேகம் தீர்த்துக்கொண்டார்கள்.

இன்னோர் அடையாளம், ஏற்றத்தாழ்வு. புத்தி பத்து வயதில் நிற்கும், அழுகை ஐந்து வயதில் நிற்கும். மரணத்தைப் பற்றிப் பெரிய மனிதனைப் போல் பேசிய பிள்ளை, பென்சில் முறிந்ததற்கு நிலத்தில் புரண்டு அழும். மனக்கணக்கு மின்னலாக வரும், கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். சில பிள்ளைகள் பேச்சில் எல்லோரையும் மிஞ்சிவிட்டு, வாசிப்பில் மட்டும் இடறுவார்கள். அப்படியானால் சோம்பல் என்று முடிவு கட்டாமல், கண்ணையும் காதையும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். எழுத்துகளைப் பிரித்தறிவதில் தனிப்பட்ட சிரமம் உள்ள பிள்ளைகளும் உண்டு. சிரமமும் திறமையும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருக்க முடியும்.

கடைசியாக, தொல்லை. தெரிந்த பாடத்தையே பத்துத் தரம் கேட்கும் பிள்ளைக்கு அலுப்பு வரும். அலுப்பு வந்தால் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், யன்னலால் வெளியே பார்க்கும், கொப்பியின் ஓரமெல்லாம் படம் கீறும். “உங்க மகன் வகுப்பில கவனமில்ல” என்று டீச்சர் சொல்லி அனுப்பினால், ஏசுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவனுக்குப் பாடம் விளங்காததால் கவனமில்லையா, ஏற்கனவே விளங்கியதால் கவனமில்லையா?

இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டவுடன் முடிவெடுத்துவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் கேள்வி கேட்கும், எல்லாப் பிள்ளைகளும் அழும். பல அடையாளங்கள் சேர்ந்து, பல மாதங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். நல்ல மனனசக்தி ஒரு பெரிய நிஃமத். ஆனால் மனனசக்தி மட்டும் மீத்திறன் ஆகாது.

அளவுகோல் தவறிய கதைகள்

அமெரிக்காவில் லூயிஸ் டேர்மன் என்ற உளவியலாளர் 1921 இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். நுண்ணறிவுப் பரீட்சை வைத்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிவு செய்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பரீட்சையை எழுதி, புள்ளி போதாதென்று விடப்பட்ட பிள்ளைகளில் இருவர் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ். முன்னவர் 1956 இலும் பின்னவர் 1968 இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். தெரிவு செய்யப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்பரிசு கிடைக்கவில்லை.

நமக்கு அண்மையில், கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், பரீட்சையிலும் தவறினார். சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டே கணக்குகளை எழுதினார். 1913 இல் இங்கிலாந்துக்கு எழுதிய ஒரு கடிதத்தை ஹார்டி என்ற பேராசிரியர் குப்பையில் போடாமல் படித்ததால் உலகம் அவரை அறிந்தது. 1918 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையைப் பற்றி இனி அவசரப்பட்டுப் பேசாதீர்கள்.

வாய் திறவாத பிள்ளைகள்

தொல்லை கொடுக்கும் பிள்ளையாவது கண்ணில் படும். படாமலே போவது அமைதியான பிள்ளை. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஸஹாபாக்களிடம், இலை உதிராத ஒரு மரம் முஃமினுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்று கேட்டார்கள். எல்லோருடைய எண்ணமும் காட்டு மரங்களின் பக்கம் போயிற்று. அங்கே இருந்தவர்களில் இளையவரான இப்னு உமர் (ரழி) அவர்களின் மனதில் அது பேரீச்சை என்று பட்டது. பெரியவர்கள் இருக்கும் சபையில் பேச வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். விடையும் அதுவேதான். பின்னர் தந்தையிடம் சொன்னபோது உமர் (ரழி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்ன இன்ன செல்வங்களை விடவும் அது விருப்பமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

அந்தத் தந்தை, “சின்னப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது நல்லது” என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமது வீடுகளில் இப்படி விடை தெரிந்தும் மௌனமாக இருப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை கேட்டால் ‘கெட்டிக்காரன்’ என்கிறோம். அதையே பெண் பிள்ளை கேட்டால் ‘வாய்க்காரி’ என்கிறோம். கொஞ்ச நாளில் அவள் படித்துக்கொள்கிறாள்: தெரிந்ததைத் தெரியாதது போல் இருந்தால்தான் நல்ல பிள்ளை என்று. நானாவின் கணக்கைச் சமையலறையிலிருந்து கேட்டே செய்துவிடும் தங்கைமார் எத்தனை பேர் நமது வீடுகளில் இருக்கிறார்கள்? இன்று இரவு உங்கள் வீட்டைப் பாருங்கள்.

கண்ட பின் என்ன செய்வது?

பணம் இல்லையே என்று சொல்வீர்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150 இல் காஸாவில் பிறந்தவர்கள். தந்தை இறந்துபோக, விதவைத் தாய் குழந்தையை மக்காவுக்குக் கொண்டு வந்தார். ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே கூலியாகட்டும் என்று ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். எழுதத் தாள் வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாயிடம் இருந்தது பணமல்ல, மகனிடம் என்ன இருக்கிறது என்ற தெளிவு.

முதலாவதாக, கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “எனக்குத் தெரியாது மகன், தேடிப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. நமது இமாம்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சோறு அடுப்பில் இருக்கிறதா? “இஷாவுக்குப் பிறகு கேள்” என்று சொல்லுங்கள். சொன்னால் மறக்காமல் இஷாவுக்குப் பிறகு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவதாக, தீனி கொடுங்கள். பிரதேச சபை நூலகத்தில் அங்கத்துவம் எடுத்துக் கொடுங்கள். பழைய வானொலி, பழைய கடிகாரம் எதையும் பழைய சாமான்காரனுக்குப் போடுமுன் பிள்ளையிடம் கொடுங்கள். மின்சாரத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். தச்சரோ தையற்காரியோ மீனவரோ, பிள்ளைக்கு ஆசையுள்ள தொழிலைச் செய்யும் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள்.

மூன்றாவதாக, வகுப்பாசிரியையிடம் சண்டைக்குப் போகாமல் பேசப் போங்கள். “என்ட புள்ள பெரிய கெட்டிக்காரன்” என்று தொடங்காதீர்கள். வீட்டில் அவன் செய்த ஒன்றை, கணக்கையோ படத்தையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். நல்ல ஆசிரியை மிகுதியை விளங்கிக்கொள்வார்.

நான்காவதாக, புகழும் விதத்தை மாற்றுங்கள். கிளோடியா மியூலர், கரோல் ட்வெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே நடந்தது. புதிர்களைச் செய்த பிள்ளைகளில் ஒரு சாராரை “நீ கெட்டிக்காரன்” என்று புகழ்ந்தார்கள். மற்றச் சாராரை “நன்றாக முயன்றாய்” என்று புகழ்ந்தார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தபோது, கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்கள் சீக்கிரம் மனமுடைந்தார்கள். இலேசானதையே தெரிவு செய்தார்கள். அவர்களில் கணிசமானோர் தாம் பெற்ற புள்ளியைக் கூட்டியும் சொன்னார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் கடினமானதைத் தேடிப்போனார்கள். அளவுக்கு மீறிய புகழ் பிள்ளையைப் பொய் சொல்லவும் வைக்கும் என்பது சிந்திக்க வேண்டிய விடயம்.

ஐந்தாவதாக, பிள்ளையைக் கண்காட்சி ஆக்காதீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கெல்லாம் ஓதிக்காட்டு, சொல்லிக்காட்டு என்று நிறுத்தாதீர்கள். “நானாவப் பாரு” என்று மற்றப் பிள்ளையைக் குத்தாதீர்கள். மீத்திறன் இல்லாத பிள்ளை குறைந்த பிள்ளை அல்ல. உங்கள் முதுமையில் உங்கள் கட்டிலருகே இருக்கப்போவது எந்தப் பிள்ளை என்று அல்லாஹ்வே அறிவான். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மாலையில் விளையாட்டு வேண்டும், இரவில் தூக்கம் வேண்டும், உம்மாவின் மடி வேண்டும். ஐந்து டியூசன் வேண்டாம்.

அவள் திரும்பி வந்தாள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மத்ரஸா வாசலில் ஓர் இளம் தாய் ஆறு வயது மகளோடு நின்றார். உற்றுப் பார்த்த பின்தான் தெரிந்தது, அதே பெண் பிள்ளை. சாதாரண தரத்தோடு படிப்பு நின்று, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள். நல்ல வாழ்க்கைதான், அல்ஹம்துலில்லாஹ். மகளை ஒப்படைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“இவள் நிறையக் கேள்வி கேப்பாள் மௌலவி. ஏசிப்போடாதீங்க.”

“லிஈலாபில ஒரு கேள்வி கேட்டீங்களே மகள், ஞாபகமிருக்கா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “என்ன கேட்டேன்னு ஞாபகமில்ல மௌலவி. நீங்க ஏசினது ஞாபகமிருக்கு.”

சகோதரிகளே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் என்னவாக வந்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியை இருபது வருடங்களுக்கு முன் ஒரு மஃரிப் நேரத்தில் நானே அடைத்துவிட்டேன். இப்போது அவரது மகள் முன் வரிசையில் இருக்கிறாள். அவள் கையை உயர்த்தினால், ஓதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். சில நாட்களில் பாடம் முடிவதில்லை. பரவாயில்லை.

உங்களுக்கு இம்மாதம் ஒரு வேலை தருகிறேன். நாற்பது தாள் கொப்பி ஒன்றை வாங்கி, ஒரு மாதத்துக்குப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவரவர் பெயரோடு எழுதுங்கள். ஏசிய கேள்விகளையும் எழுதுங்கள். மாத முடிவில் உட்கார்ந்து வாசியுங்கள். எந்தப் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்பது விளங்கும். யாருடைய பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லையோ, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி நீங்களே ஒரு கேள்வியைக் கேட்டுத் தொடங்குங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களுக்குள் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.